கடவுச்சீட்டை எங்கே வைப்பது: உடலிலா, அறைப் பெட்டகத்திலா, வரவேற்பு மேசையிலா?

அயல்நாட்டு நகரம் ஒன்றுக்குச் சென்று, தங்கும் அறையில் பெட்டியை இறக்கிவிட்டு ஊர் சுற்றக் கிளம்பும் எவரும் கதவைச் சாத்துவதற்கு முன் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். கடவுச்சீட்டு, செலவுக்குப் போக மீதிப் பணம், இரண்டாவது வங்கி அட்டை ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோவதா, அறையிலுள்ள சிறு பெட்டகத்தில் பூட்டுவதா, விடுதியின் வரவேற்பு மேசையில் ஒப்படைப்பதா? பலரும் இதை யோசித்து முடிவுசெய்வதில்லை. அவரவர் பயம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். தெருவுக்குப் பயப்படுகிறவர்கள் எல்லாவற்றையும் அறையில் விட்டுச் செல்கிறார்கள். அறைக்குள் வந்துபோகும் பணியாளர்களை நம்பாதவர்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்துத் தோளில் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு பயங்களுக்கும் காரணம் உண்டு. ஆனால் இரண்டு வழிகளிலும் ஒரே ஒரு திருட்டு நடந்தால் போதும், பயணம் அந்த இடத்திலேயே நின்றுபோகும்.

இந்த மூன்று இடங்களையும் ஒப்பிடுவதற்கு முன், எதைக் காக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பொருளின் விலையைக்கொண்டு அதன் மதிப்பை அளப்பது பயணத்தில் பயன்படாது. தொலைந்தால் திரும்பப் பெற எவ்வளவு காலம் ஆகும், அந்தக் காலத்தில் நம்மால் என்னென்ன செய்ய முடியாமல் போகும் என்பதே சரியான அளவுகோல். பணம் போனால் போனதுதான், திரும்பாது. ஆனால் அந்த இழப்பு எடுத்துச் சென்ற தொகையோடு நின்றுவிடும். வங்கி அட்டையை ஒரு தொலைபேசி அழைப்பில் முடக்கிவிடலாம்; புதிய அட்டை கைக்கு வரும்வரை வேறொரு வழி இருந்தால் சமாளிக்கலாம். கடவுச்சீட்டு அப்படியல்ல. அது தொலைந்தால் முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் செய்து அதன் நகலைப் பெற வேண்டும். பிறகு தூதரகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தூதரகம் பெரும்பாலும் தலைநகரில் இருக்கும், நாம் இருப்பதோ வேறு நகரமாக இருக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை திருட்டு நடந்தால் திங்கட்கிழமைவரை பல தூதரகங்களின் கதவு திறக்காது. அவசரப் பயண ஆவணம் கிடைத்தாலும் அது பெரும்பாலும் தாயகம் திரும்புவதற்கு மட்டுமே செல்லும். அடுத்து போகவிருந்த நாட்டின் விசா பழைய கடவுச்சீட்டில் ஒட்டப்பட்டிருந்தால், அந்த விசாவும் அதோடு போய்விட்டது.

இதில் பலர் அறியாத ஒரு சிக்கலும் இருக்கிறது. தொலைந்துபோன, திருடப்பட்ட பயண ஆவணங்களின் தரவுத்தளம் ஒன்றை இன்டர்போல் 2002 முதல் நடத்திவருகிறது. உறுப்பு நாடுகள் அதில் பதியும் கடவுச்சீட்டு எண்களை எல்லைச் சோதனைச் சாவடிகள் பார்க்க முடியும். தொலைந்ததாக அறிவித்த கடவுச்சீட்டு மறுநாள் பெட்டியின் அடியில் துணிகளுக்கு நடுவே கிடைத்தாலும் அதை வைத்து விமானம் ஏறக் கூடாது. அது செல்லாத ஆவணம். எனவே புகார் செய்வதற்கு முன் அறையையும் பைகளையும் ஒருமுறை நிதானமாகத் தேடுவது அவசியம். கடவுச்சீட்டைத் தினமும் இடம் மாற்றி மாற்றி ஒளித்துவைப்பவர்களுக்கு இது கூடுதலாகவே பொருந்தும்.

அடுத்து, இந்த முடிவு எல்லா நாடுகளிலும் நம் கையில் இல்லை. ஜப்பானில் சுற்றுலாப் பயணிகள் கடவுச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மீறினால் 1 லட்சம் யென் வரை அபராதம் விதிக்கலாம். சீனாவில் 2013 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் சட்டமும் 16 வயது நிரம்பிய வெளிநாட்டவருக்கு அதையே சொல்கிறது. அங்கே சட்டம் இல்லாவிட்டாலும் அறையில் விட்டுச் செல்ல முடியாது. அதிவேக ரயில் ஏறுவதிலிருந்து பெய்ஜிங்கின் பழைய அரண்மனைக்குள் நுழைவதுவரை கடவுச்சீட்டு எண்ணோடு இணைந்த பயணச்சீட்டும் நுழைவுச்சீட்டும்தான். நெதர்லாந்தில் 2005 ஜனவரி முதல் 14 வயது நிரம்பிய எவரும் அதிகாரி கேட்டால் அசல் அடையாள ஆவணத்தைக் காட்ட வேண்டும், ஒளிநகல் போதாது. இதற்கு நேர்மாறாக, பிரிட்டனில் தெருவில் நடப்பவர் அடையாள ஆவணம் வைத்திருக்க வேண்டும் என்ற பொதுக் கட்டாயம் இல்லை. போகும் நாட்டில் எந்த விதி இருக்கிறது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே தெரிந்துகொண்டால், பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும். ஜப்பானிலும் சீனாவிலும் ‘எங்கே விட்டுச் செல்வது’ என்று கேட்கவே வேண்டியதில்லை. ‘உடம்பில் எங்கே வைப்பது’ என்பது மட்டுமே மிஞ்சும்.

உடம்பில் வைப்பதென்று வந்தால், அதற்குள்ளேயே பல வழிகள் இருக்கின்றன. அவற்றுக்கிடையிலான வேறுபாடு, தெருவுக்கும் அறைக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரியது. முதுகுப் பையின் வெளியறையில் கடவுச்சீட்டை வைப்பதும், சட்டைக்கு அடியில் இடுப்போடு ஒட்டிக் கட்டும் தட்டையான துணிப்பையில் வைப்பதும் ‘கையோடு கொண்டுபோவது’ என்ற ஒரே பெயரில் அடங்கிவிடுகின்றன. முன்னதைக் கூட்டத்தில் பின்னால் நிற்பவர் நமக்குத் தெரியாமலே திறந்துவிடலாம். பின்னதை நாம் மயங்கிக் கிடந்தாலன்றி எடுக்க முடியாது. இவற்றுக்கு இடையில், உடைக்கு வெளியே வயிற்றில் கட்டும் சிறு பை, மார்புக்குக் குறுக்கே மாட்டும் பை, கழுத்தில் தொங்கும் பை, கால்சட்டையின் முன் பாக்கெட் எனப் பல படிகள். உடைக்கு வெளியே தெரியும் எந்தப் பையும் ‘மதிப்புள்ளது இங்கே இருக்கிறது’ என்று காட்டிக்கொடுக்கும். இருந்தாலும் அது நம் கண் முன்னால் இருப்பதால், முதுகில் மாட்டும் பையைவிட மேலானது. கழுத்துப் பையின் குறை அதன் கயிறு. சட்டைக் கழுத்துக்கு மேலே அது எட்டிப் பார்த்தால் இழுக்கவும் அறுக்கவும் தோதாகிவிடும்.

இடுப்போடு ஒட்டிய துணிப்பையைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அதைப் பொது இடத்தில் திறக்கவே கூடாது. நுழைவுச்சீட்டு வாங்கும் வரிசையில் நின்று சட்டையைத் தூக்கிப் பணம் எடுப்பவர், ஒளித்துவைத்ததன் பயனை முழுவதுமாகத் தொலைத்துவிடுகிறார். அது பணப்பை அல்ல. கழிவறையிலோ அறையிலோ மட்டும் திறக்க வேண்டிய பெட்டகம். அன்றைய செலவுக்கான பணமும் ஓர் அட்டையும் முன் பாக்கெட்டில் தனியாக இருக்க வேண்டும். வெயில் கடுமையான நகரங்களில் இந்தப் பை வியர்வையில் நனைந்துவிடும், கடவுச்சீட்டின் தாள்கள் நெளியும். ஒரு பிளாஸ்டிக் உறை அதைத் தடுக்கும். உட்காரும்போது உறுத்துகிறது, நாளெல்லாம் கட்டிக்கொண்டிருப்பது எரிச்சலாக இருக்கிறது என்ற குறைகள் உண்மைதான். எரிச்சல் தாங்காமல் மூன்றாம் நாள் அதைக் கழற்றி முதுகுப் பைக்குள் போட்டுவிடுபவர்கள் அதைத் தேர்ந்தெடுக்காமலே இருந்திருக்கலாம்.

சுற்றுலா நகரங்களில் பயணிகள் சந்திக்கும் திருட்டு பெரும்பாலும் வன்முறையற்றது, கவனத்தைத் திருப்பி நடப்பது. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தின் காவலர்கள், அங்கே கும்பலாகத் திரியும் ஜேப்படித் திருடர்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று கோரி 2013 ஏப்ரலில் வேலைநிறுத்தம் செய்ததால் அருங்காட்சியகமே ஒரு நாள் மூடிக் கிடந்தது. இதே காரணத்துக்காக 2015 மே மாதத்தில் ஈஃபிள் கோபுரப் பணியாளர்களும் வேலையை நிறுத்தினார்கள். ரோமில் மத்திய ரயில் நிலையத்திலிருந்து வாட்டிகன் பக்கம் போகும் 64ஆம் எண் பேருந்தும், பார்சிலோனாவின் ராம்ப்லா வீதியும் அதன் மெட்ரோவும் இதற்குப் பல்லாண்டுகளாகப் பெயர்போனவை. முறைகள் எளியவை. ஒருவர் கையெழுத்து கேட்டு ஒரு தாளை நீட்டுவார். இன்னொருவர் தோளில் எதையோ தெளித்துவிட்டுத் தானே துடைக்க வருவார். மூன்றாமவர் ரயில் கதவு மூடும் நொடியில் குறுக்கே நிற்பார். ‘ஜேப்படித் திருடர்கள் ஜாக்கிரதை’ என்ற பலகையைப் படித்தவுடன் அனைவரும் அனிச்சையாகத் தங்கள் பணம் இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அருகில் நிற்கும் திருடனுக்கு அதைவிடப் பெரிய உதவி தேவையில்லை. இந்த வகைத் திருட்டுக்கு எதிராக உடைக்கு அடியிலுள்ள பை ஏறக்குறைய முழுப் பாதுகாப்பைத் தருகிறது.

ஆயுதம் காட்டி வழிப்பறி நடக்கக்கூடிய நகரங்களில் கணக்கு மாறுகிறது. ரியோ டி ஜெனிரோ, ஜோகன்னஸ்பர்க் போன்ற இடங்களில் கொள்ளையனிடம் இருப்பதை எதிர்ப்பின்றிக் கொடுத்துவிடுவதே உயிருக்குப் பாதுகாப்பு என்பது பல அரசுகளின் பயண அறிவுரைகளில் காணப்படும் வாசகம். அப்படிக் கொடுக்க வேண்டிய நிலையில் இடுப்பில் எவ்வளவு ஒளித்திருக்கிறோமோ அவ்வளவும் ஆபத்துதான். கைவிட்டுத் தடவிப் பார்ப்பவனுக்கு அது தட்டுப்பட்டால் கோபமும் சேர்ந்து வரும். அங்கே கடவுச்சீட்டின் தெளிவான நகலையும், கொடுத்தாலும் மனம் வருந்தாத அளவு பணத்தையும் மட்டும் கொண்டுபோய், அசலை அறையில் விடுவதே மேல். ஆக, எந்த வகைத் திருட்டு நடக்கும் நகரம் என்பதைப் பொறுத்தே பாதுகாப்பான இடமும் அமைகிறது.

மின்காந்த அலைகளைத் தடுக்கும் பணப்பைகளையும் இடுப்புப் பைகளையும் கூடுதல் விலைக்கு விற்கிறார்களே, அவை தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தேவையில்லை. தொடாமலே பணம் செலுத்தும் அட்டைகள் சில சென்டிமீட்டர் தொலைவுக்குள்தான் வேலை செய்கின்றன. மின்னணுக் கடவுச்சீட்டின் சில்லைப் படிக்க வேண்டுமானால் பொதுவாக உள்ளே அச்சிடப்பட்டுள்ள எண்ணும் பிறந்த தேதியும் முதலில் தெரிந்தாக வேண்டும். கூட்டத்தில் நிற்கும் திருடனுக்கு இவ்வளவு சிரமம் எதற்கு? அவனுக்கு விரல்களே போதும்.

இனி அறைப் பெட்டகம். நாமே தேர்ந்தெடுக்கும் எண்ணைப் போட்டுப் பூட்டுவதால் அது நமக்கு மட்டுமே திறக்கும் என்ற எண்ணம் இயல்பாக வருகிறது. உண்மையில், எண்ணை மறந்துவிடும் விருந்தினர்களுக்காக ஒவ்வொரு விடுதியிலும் பெட்டகத்தைத் திறக்கும் மாற்று வழி ஒன்று நிர்வாகத்திடம் இருக்கிறது. அது ஒரு தனிச் சாவியாகவோ முதன்மை எண்ணாகவோ இருக்கும். தொழிற்சாலையில் வைத்த முதன்மை எண்ணை மாற்றாமலே விட்டுவிடும் விடுதிகளும் உண்டு. சில பெட்டகங்கள் சுவரோடோ அலமாரியோடோ திருகப்படாமல் சும்மா வைக்கப்பட்டிருக்கும்; அவற்றைத் திறக்க வேண்டியதே இல்லை, தூக்கிக்கொண்டு போய்விடலாம். ஆகவே பெட்டகம், துப்புரவு நேரத்தில் திறந்து கிடக்கும் கதவைப் பார்த்து உள்ளே நுழைபவனைத் தடுக்கும். உள்ளிருந்தே திட்டமிடுபவனைத் தடுக்காது. முன்னவனே அதிகம் என்பதால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. வந்த அன்றே பெட்டகம் அசைகிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்ப்பதும், காலியாக வைத்துப் பூட்டி, 0000, 1234 போன்ற எண்களால் திறக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதும் ஒரு நிமிட வேலை. திறந்தால் அந்தப் பெட்டகத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

பெட்டகத்தின் வேறொரு குறையைத் திருட்டைவிடப் பெரியதாகவே நான் நினைக்கிறேன்: மறதி. அதிகாலை விமானத்துக்காக இருட்டில் எழுந்து கிளம்புபவர், அலமாரிக்குள் இருக்கும் பெட்டகத்தைத் திறக்காமலே போய்விடுகிறார். விமான நிலையத்தில் கடவுச்சீட்டைக் கேட்கும்போதுதான் நினைவு வருகிறது. இதற்கு எளிய மருந்து, அது இல்லாமல் வெளியே போகவே முடியாத ஒரு பொருளை முந்தின இரவே பெட்டகத்துக்குள் வைத்துவிடுவது. காலணியில் ஒன்று இடம் இருந்தால் மிகவும் பொருத்தம்.

பெட்டகமே இல்லாத அறைகளில் பூட்டிய பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியையும் நகர்த்த முடியாத ஏதேனும் ஒன்றோடு கம்பிப் பூட்டால் பிணைத்துவிடலாம். பலர் ஒரே அறையில் படுக்கும் ஹாஸ்டல்களில் லாக்கர் இருக்கும், பூட்டு பெரும்பாலும் நாம் கொண்டுபோக வேண்டும். அங்கே இரவிலும் கடவுச்சீட்டு லாக்கரிலோ உடம்பிலோ இருக்க வேண்டுமே தவிர, தலையணைக்கு அடியில் அல்ல. தனியார் வீடுகளை வாடகைக்கு எடுத்துத் தங்குவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: அந்த வீட்டின் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பதை அறிய வழியில்லை, புகார் சொல்லப் பணியில் ஒருவரும் இருக்கமாட்டார். அங்கே அசலை உடம்போடு வைப்பதன் பக்கம் தராசு சாய்கிறது.

மூன்றாவது வழியான வரவேற்பு மேசை இப்போது பழங்காலத்து வழக்கம்போலத் தோன்றுகிறது. அறைக்கு அறை பெட்டகம் வந்தபிறகு எவரும் கேட்பதில்லை. ஆனால் சட்டம் என்ற கோணத்தில் பார்த்தால் மூன்றிலும் வலுவானது இதுவே. விருந்தினரின் பொருள்களுக்கு விடுதி உரிமையாளர் எவ்வளவு பொறுப்பு என்பது குறித்து ஐரோப்பிய நாடுகள் 1962இல் பாரிஸில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. காப்பில் வைக்கும்படி ஒப்படைத்த பொருளுக்கு விடுதியின் பொறுப்புக்கு உச்சவரம்பு இல்லை என்பதும், அறையில் வைத்த பொருளுக்கு வரம்பு உண்டு என்பதும் அதன் அடிப்படை. ஜெர்மனியின் குடிமைச் சட்டத்தில் இது எண்களாகவே இருக்கிறது: அறையிலிருந்து தொலைந்தால் விடுதியின் பொறுப்பு ஒரு நாள் வாடகையின் 100 மடங்கு, குறைந்தது 600 யூரோ, அதிகபட்சம் 3,500 யூரோ; பணமும் நகையும் என்றால் அதிகபட்சம் 800 யூரோ மட்டுமே. ஒப்படைத்துவிட்டாலோ, விடுதியினரே தவறு செய்திருந்தாலோ இந்த வரம்பு கிடையாது. இங்கிலாந்தின் 1956ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கஞ்சத்தனமானது. அறிவிப்புப் பலகை முறையாக வைத்திருக்கும் விடுதியின் பொறுப்பு ஒரு பொருளுக்கு 50 பவுண்டு, மொத்தத்தில் 100 பவுண்டு என்று அது வரம்பிடுகிறது. அங்கேயும் காப்புக்கென்று ஒப்படைத்த பொருளுக்கு இந்த வரம்பு பொருந்தாது. பெட்டகத்திலிருந்து பணம் காணாமற்போனால் உடைத்த தடயம் இருக்காது, உள்ளே எவ்வளவு இருந்தது என்பதற்கும் சான்று இருக்காது. வரவேற்பு மேசையிலோ ரசீது இருக்கும்.

அந்த ரசீதுதான் இந்த வழியின் உயிர். பொருள்களைப் பட்டியலிட்டு, பணமென்றால் தொகையை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்திட்டுக் கொடுத்து, கையொப்பமிட்ட ரசீது வாங்காவிட்டால், ஒப்படைத்ததற்கும் மேசைமேல் மறந்து வைத்துவிட்டு வந்ததற்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும். ரசீது தர மறுக்கும், உறையை இழுப்பறைக்குள் போடும் விடுதியில் ஒப்படைக்கக் கூடாது. பெரிய தொகை, நகை, நெடுநாள் தங்கல் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். தினமும் காலையில் எடுத்து இரவில் கொடுப்பதற்குப் பொருந்தாது. இரவு இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டியிருந்தால், பெட்டகத்தின் சாவி வைத்திருப்பவர் அப்போது பணியில் இருப்பாரா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது என் முடிவு இது. அசல் கடவுச்சீட்டைச் சட்டம் கேட்கும் நாட்டில் அது உடைக்கு அடியில், இடுப்பில். கேட்காத நாட்டில், சோதித்துப் பார்த்த பெட்டகம் உள்ள விடுதியானால் அறையில். பெட்டகம் நம்பும்படி இல்லையென்றால் மீண்டும் இடுப்பில். மீதிப் பணத்தை ஒருபோதும் கடவுச்சீட்டோடு ஒரே இடத்தில் வைப்பதில்லை. ஒன்று உடம்பில் என்றால் மற்றது அறையில். பயணக் காப்பீட்டைப் பெரிதாக நம்பி இதை மாற்றிக்கொள்ள வேண்டாம். ரொக்கத்துக்கு அவை தரும் ஈடு பொதுவாகச் சிறியது. பூட்டாத இடத்தில் கவனிப்பின்றி விட்ட பொருளுக்குப் பல காப்பீடுகள் எதுவும் தருவதில்லை. காவல்துறைப் புகாரின் நகல் இல்லாமல் விண்ணப்பமே ஏற்கப்படாது.

நகலைப் பற்றி ஒரு விளக்கம். புகைப்படமும் விவரங்களும் உள்ள பக்கத்தையும் விசாப் பக்கத்தையும் தாளில் நகலெடுத்து அசல் இல்லாத இடத்தில் வைப்பதும், அவற்றின் படத்தை மின்னஞ்சலிலோ இணையச் சேமிப்பிலோ வைப்பதும் தூதரகத்தில் பல மணிநேரத்தை மிச்சப்படுத்தும். தெருவிலும் அது ஒரு கவசம். காவலர் உடையிலோ, சாதாரண உடையில் ஓர் அட்டையை நொடிநேரம் காட்டியோ வந்து, கள்ளநோட்டுச் சோதனை என்று சொல்லிக் கடவுச்சீட்டையும் பணப்பையையும் கேட்கும் மோசடிக்காரர்கள் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் உண்டு. சட்டம் அசலைக் கேட்காத இடங்களில் நகலைக் காட்டிவிட்டு, அசலைக் காவல் நிலையத்தில் வந்து காட்டுகிறேன் என்று அமைதியாகச் சொல்வதே போதுமானது. பணப்பையை வாங்கி எண்ணிப் பார்க்கும் வேலை எந்த உண்மையான காவலருக்கும் தெருவில் இல்லை.

அட்டைகளில் கடன் அட்டையைத் தெருவுக்கும் பற்று அட்டையை இருப்புக்கும் ஒதுக்குவதே நல்லது. பற்று அட்டையில் நடக்கும் மோசடி நம் கணக்கிலிருந்து உடனே பணத்தை எடுத்துவிடுகிறது, பிறகு அதைத் திரும்பப் பெறப் போராட வேண்டும். கடன் அட்டையிலோ போவது முதலில் வங்கியின் பணம். இரண்டும் வெவ்வேறு கணக்குகளாக, முடிந்தால் வெவ்வேறு வங்கிகளாக இருக்க வேண்டும், ஏனெனில் மோசடி என்று சந்தேகித்து வங்கியே ஒன்றை முடக்கிவிடுவதும் பயணத்தில் அடிக்கடி நடப்பது. கைப்பேசியில் அட்டையைப் பதிந்து, விரல்ரேகையோ முகமோ காட்டிப் பணம் செலுத்துவது அட்டையை எடுத்து நீட்டுவதைவிடப் பாதுகாப்பானது. கடைக்காரருக்கு உண்மையான அட்டை எண் போவதே இல்லை. ஆனால் மின்கலம் தீர்ந்தால் அதுவும் தீர்ந்தது.

கைப்பேசியே இப்போது கடவுச்சீட்டுக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. அதைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போகவும் முடியாது. பயணச்சீட்டு, வரைபடம், விடுதி முகவரி, வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் எல்லாமே அதில்தான். லண்டனில் மின்-சைக்கிளில் வேகமாக வந்து, நடைபாதையில் வரைபடம் பார்த்துக்கொண்டிருப்பவரின் கையிலிருந்து அதைப் பறித்துச் செல்வது வழக்கமான குற்றமாகிவிட்டது. திறந்த நிலையில் பறிபோகும் கைப்பேசி, பூட்டிய நிலையில் திருடுபோவதைவிடப் பன்மடங்கு கேடு. சாலையோரத்திலிருந்து விலகி, சுவரை ஒட்டி நின்று பார்ப்பது பாதி வேலை. மீதிப் பாதியைக் கிளம்புவதற்கு முன்பே செய்துவிடலாம்: ஐபோனில் 2024 ஜனவரியில் வந்த திருட்டுப் பாதுகாப்பு வசதி, பழக்கமில்லாத இடத்தில் கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற முயன்றால் முகத்தையோ விரல்ரேகையையோ கேட்பதோடு ஒரு மணிநேரம் காக்கவும் வைக்கிறது, ஆண்ட்ராய்டிலும் அதே ஆண்டில், பறித்துக்கொண்டு ஓடும் அசைவை உணர்ந்து திரையைப் பூட்டும் வசதி வந்தது. இவை இயக்கத்தில் இருக்கின்றனவா என்று அமைப்புகளில் பார்த்துவிட வேண்டும். வங்கியின் அவசர எண், தூதரகத்தின் எண், மின்னஞ்சலுக்கான மாற்றுக் குறியீடுகள் ஆகியவற்றைத் தாளில் எழுதி அறையில் வைப்பது இந்தக் காலத்தில் பழமையாகத் தோன்றலாம். கைப்பேசி போன பிறகு மின்னஞ்சலுக்குள் நுழைய அது ஒன்றே வழியாக இருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே விடுதியில் தங்கி ஊர் சுற்றும் நாள்களுக்கானது. விமான நிலையத்திலிருந்து விடுதிக்குப் போகும் நாள், ஒரு நகரத்திலிருந்து இன்னொன்றுக்கு ரயிலில் போகும் நாள், அறையைக் காலி செய்துவிட்டு மாலைவரை அலையும் நாள் ஆகியவற்றில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. அறை என்ற ஒன்று அன்று கிடையாது. தூக்கக் கலக்கமும் பெட்டிகளும் வழி தெரியாத தடுமாற்றமும் சேர்ந்து வரும் அந்த நாள்கள்தான் மிகவும் ஆபத்தானவை. ஆகவே, நான் அறையில்தான் வைப்பேன் என்று உறுதியாக இருப்பவருக்கும் இடுப்புப் பை ஒன்று தேவை. இரவு ரயிலில் தூங்குபவர் அதைக் கழற்றவே கூடாது. காலி செய்த பிறகு பெட்டியை விடுதியில் விட்டுச் செல்லலாம். கடவுச்சீட்டையும் பணத்தையும் அந்தப் பெட்டிக்குள் விடக் கூடாது, ஏனெனில் அந்தப் பொருள் வைப்பறை பெரும்பாலும் எவரும் நுழையக்கூடிய ஒன்று.

கடவுச்சீட்டை வேறொருவர் கையில் கொடுக்கும் இரண்டு சந்தர்ப்பங்களையும் பிரித்தறிய வேண்டும். இத்தாலியில் விடுதிகள் விருந்தினரின் விவரங்களைக் காவல்துறைக்கு 24 மணிநேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்; அதனால் நுழையும்போது கடவுச்சீட்டைக் கேட்பது முறையானதே, பதிந்தவுடன் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டால் போதும். தென்கிழக்கு ஆசியாவில் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு விடும் கடைகளில் சில, அதை ஈடாகவே வைத்துக்கொள்ளக் கேட்கும். வண்டியில் ஏற்கெனவே இருந்த கீறலுக்கு நம்மிடம் தொகை கேட்டு, தரும்வரை கடவுச்சீட்டைத் திருப்பித் தராமல் நெருக்குவது அங்கே தெரிந்த தந்திரம். ரொக்கமாக முன்பணம் வாங்கிக்கொள்ளும் கடை கிடைக்கும்வரை அடுத்தடுத்த கடைகளைக் கேட்பதே சரி.

குடும்பமாகப் போகிறவர்கள், பொறுப்பானவர் ஒருவரிடம் அனைவரின் கடவுச்சீட்டுகளையும் கொடுத்துவிடுவது வழக்கம். பார்க்க ஒழுங்காகத் தோன்றினாலும், ஒரு பை போனால் நால்வரும் தூதரக வாசலில் நிற்க வேண்டிவரும். வயதுவந்தவர்கள் இருவராவது பிரித்து வைத்துக்கொண்டு, ஒருவரின் நகலும் இரண்டாம் அட்டையும் மற்றவரிடம் இருக்கும்படி மாற்றிக்கொள்ளலாம். தனியாகப் போகிறவருக்கு அந்த இரண்டாவது ஆள் இல்லை; அவர் நகலையும் சிறிது பணத்தையும் பெட்டியின் உட்துணிக்கு அடியில் வைத்து, தூதரக எண்ணையும் கடவுச்சீட்டு எண்ணையும் தாயகத்தில் தொலைபேசியை எடுக்கக்கூடிய ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.